பொசன் லீவு மூன்று நாள்: பாலியா, திருகோணமலையா, ஊவாவா?

ஜூன் மாத மழையைப் பற்றி ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று ஏறி வந்துவிட்டால் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் நனைய ஆரம்பிக்கும், துவைத்த துணி நாள் கணக்கில் காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் பிள்ளைகளின் யூனிபோமைக் காய வைக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து பொசன் போயா, அதாவது ஜூன் மாதப் பௌர்ணமி லீவு, திங்கட்கிழமை விழுந்து, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு கிடைத்தால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: மழையை விட்டு எங்கேயாவது போய்விட்டு வருவோமா?

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் அக்கா மகன் பாலி என்கிறான். "மாமா, நம்ம நாட்டுல எரிமலை இல்லைதானே, ஒரு தடவை பார்த்துட்டு வருவோம், டிக்கெட் நான் பார்த்துக்கிறேன்" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறான். அக்காவுக்குத் திருகோணமலை, கோணேசர் கோவிலுக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் உட்கார முடியாது, ஊவாவிலிருக்கும் பண்டாரவளைப் பக்கம் என்றால் வருகிறேன் என்கிறார். மூன்றையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்து என் மனதில் வந்ததை எழுதுகிறேன், இதே கணக்கைப் போடுகிற வேறு வீடுகளுக்கும் உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்றே நாள் என்றால் பாலி வேண்டாம். பாலி சரியில்லை என்று நான் சொல்லவில்லை, நேர்மாறாக, அது மூன்று நாளில் பார்த்து முடிக்கக்கூடாத இடம்.

வானிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் பாலிக்குத்தான் முதல் இடம். அங்கே மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்றில் வானம் தெளிந்து கிடக்கும். நாம் நனைகிற மாதத்தில் அவர்களுக்கு வெயில். மலைப்பக்கம் பின்னேரத்தில் ஒரு தூறல் விழலாம், அவ்வளவுதான். இதே பயணத்தைத் தைப்பொங்கல் லீவுக்குப் போட்டால் கதை மாறிவிடும், ஜனவரியில் அங்கே மழை உச்சத்தில் இருக்கும், எரிமலையைப் பார்க்கப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே மருமகன் சொல்கிற மாதம் சரி.

எரிமலை விஷயத்திலும் அவன் சொல்வது நியாயம். இலங்கையின் பாறையில் பெரும்பகுதி கோடிக்கணக்கான வருடப் பழமையான, பூமிக்கடியில் வெந்து அழுந்தி உருமாறிய பாறை. இங்கே உயிருள்ள எரிமலை கிடையாது. பாலி பெரும்பாலும் எரிமலை கட்டிய தீவு. கிந்தாமணிப் பக்கம் போனால் ஒரு பெரிய மலை உள்ளே இடிந்து விழுந்து உண்டான அகன்ற பள்ளம், அதன் விளிம்பில்தான் ஊரும் கடைகளும். பள்ளத்துக்குள்ளே ஒரு ஏரி, ஏரிக்கரையில் 1,717 மீற்றர் உயரத்தில் பாத்தூர் மலை, அதன் சரிவில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்து கறுப்பாகக் கிடக்கும். 1926இல் வந்த குழம்பு அடிவாரத்திலிருந்த பாத்தூர் கிராமத்தையே மூடிவிட்டது. ஜனங்கள் கோவிலையும் தூக்கிக்கொண்டு மேலே விளிம்புக்கு வந்து திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பி இரண்டு மணித்தியாலம் ஏறினால் உச்சியில் சூரியோதயம் பார்க்கலாம், பொடிக்கல் சறுக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். சிவனொளிபாத மலை ஏறிப் பழகிய காலுக்கு அது பெரிய விஷயமில்லை.

பக்கத்தில் ஆகுங் மலை, 3,000 மீற்றருக்கு மேல், பீதுருதலாகலையை விட உயரம். 1963இல் அது வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் சரிவிலிருக்கும் பெசாகி கோவிலைக் குழம்பு தொடாமல் விலகிப் போனதை அங்குள்ளவர்கள் இன்றும் பக்தியோடு சொல்வார்கள். வீட்டு வாசலில், கடைப்படியில் எல்லாம் குருத்தோலையில் சின்னத் தட்டு மடித்துப் பூவும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள். கும்பிடுகிற சாமியின் பெயர்களும் நமக்குப் பழக்கமானவை, ஆனால் முறை முற்றிலும் வேறு. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் சுபக் என்ற முறையும் கோவிலோடு சேர்ந்தே நடக்கிறது, 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையில் சேர்த்தது. தோட்டத்து மலைச்சரிவிலேயே வளர்ந்த நமக்கு, இன்னொரு ஜனம் தன் மலைச்சரிவை எப்படிப் பகிர்ந்து வைத்திருக்கிறது என்று நின்று பார்க்க ஆசையாக இருக்கும். அதை ஓடிக்கொண்டே பார்க்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். மருமகன் கொழும்பிலிருந்து கணக்குப் போடுகிறான், நாங்கள் ஹட்டனிலிருந்து போட வேண்டும். இங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு மழையில் இறங்குவதற்கே ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ள வேண்டும், கித்துல்கல பக்கம் மண் சரிந்தால் அதற்கும் மேலே. விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிற்க வேண்டும். பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கோலாலம்பூர் வரை மூன்றரை மணித்தியாலம், அங்கிருந்து பாலிக்கு மூன்று, நடுவில் காத்திருப்பு எவ்வளவு என்பது நாம் வாங்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. இதற்கு மேல் அங்குள்ள கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது, போகும்போது அந்த நேரமும் நம் கையை விட்டுப் போகும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினாலும் சனிக்கிழமை பின்னேரம்தான் கால் வைப்போம், அங்கே தெரு நெரிசலில் தீவின் நடுவிலிருக்கும் ஊபுட் என்ற ஊருக்குப் போய்ச் சேர இன்னும் ஒன்றரை இரண்டு மணித்தியாலம். செவ்வாய் காலை வேலைக்கு நிற்க வேண்டும் என்றால் திங்கள் மத்தியானத்துக்குள் திரும்பக் கிளம்பியாக வேண்டும். கையில் மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் விடியப் பாத்தூர் ஏறினால் பகலெல்லாம் தூக்கம் வரும், ஏறாவிட்டால் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும்.

செலவையும் பார்க்க வேண்டும். டிக்கெட், வீசா, அதற்கு மேல் 2024 பெப்ரவரியிலிருந்து வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவரும் கட்ட வேண்டிய 150,000 ரூபியா தீவு வரி. வீசா விதிகளும் அவ்வப்போது மாறும், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இந்தோனேசியக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே பார்த்துவிட வேண்டும், தெரிந்தவர் சொன்னதை நம்பக்கூடாது. ஒரு வாரத்துக்கு என்றால் டிக்கெட் காசு ஏழு நாளுக்குப் பிரியும். ஒரே ஒரு முழு நாளுக்கு அவ்வளவு காசை ஏற்றுவது எனக்கு மனம் ஒப்பவில்லை, அதிலும் ஒரு பேருக்குக் கட்டும் டிக்கெட் காசில் குடும்பம் முழுவதும் உள்நாட்டில் நன்றாகச் சுற்றி வரலாம் என்னும்போது.

சாம்பல் விஷயத்தையும் மறக்கக்கூடாது. 2017 நவம்பரில் ஆகுங் புகைந்தபோது பாலி விமான நிலையத்தை நாள் கணக்கில் மூடினார்கள். பாலியிலேயே வெடிக்க வேண்டும் என்றும் இல்லை, புளோரஸ் தீவிலிருக்கும் லெவொத்தோபி மலை கக்கிய சாம்பலால் 2024 நவம்பரிலும், சரியாக ஜூன் மாதத்தில் 2025இலும் பாலி விமானங்கள் இரத்தாகின. சாம்பல் என்றால் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை, நுண்ணிய கண்ணாடித் துகள், விமான இயந்திரத்துக்குள் போனால் உருகிப் படிந்துவிடும், அதனால்தான் ஒருவரும் அதற்குள் பறக்க மாட்டார்கள். ஒரு வார லீவில் ஒரு நாள் இப்படிப் போனால் பரவாயில்லை. மூன்று நாள் லீவில் போனால் வேலையிடத்தில் போய் என்ன சொல்வது?

சரி, திருகோணமலை.

ஜூனில் அந்தக் கடல் குளம் போல அமைதியாக இருக்கும். தென்மேல் காற்று நம் மலையில் மோதி மழையையெல்லாம் மேற்குப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி கிழக்கே இறங்குகிறது. அங்கே அதைக் கச்சான் காற்று என்பார்கள். நமக்குக் கொழுந்து நனைய நனைய எடுக்கிற மாதத்தில் அவர்களுக்குத் தொண்டை வறளும். நிலாவெளி, உப்புவெளி இரண்டும் பிள்ளைகள் இறங்கி விளையாடத் தோதான கரை. நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச தூரம் போனால் புறாத்தீவு, 2003இல் தேசிய பூங்காவாக்கியது, முகத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தலையைக் குனிந்தாலே முருகைக்கல்லும் வண்ண மீனும் தெரியும், கரும்புள்ளிச் சிறகு வைத்த சின்னச் சுறாக்கூட அந்தப் பக்கம் திரியும், ஆளை ஒன்றும் செய்யாது. தயவுசெய்து முருகைக்கல் மேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர வருடக்கணக்காகும், நீண்ட லீவு நாட்களில் வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு மிதி என்றாலும் என்ன மிஞ்சும்?

கோணேசர் கோவில் பாடல் பெற்ற தலம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறையின் மேலே. அக்கா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஊருக்கு வெளியே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். எரிமலைச் சூடு என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை, நிலத்தின் ஆழத்துக்குப் போய்ச் சூடேறித் திரும்ப மேலே வரும் தண்ணீர் அது.

தடங்கல் இரண்டு. ஒன்று தூரம். ஹட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகக் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர், சாதாரண நாளிலேயே ஏழு எட்டு மணித்தியாலம். பொசன் என்றால் அது சாதாரண நாளும் இல்லை. மகிந்த தேரர் மிகிந்தலையில் வந்திறங்கியதை நினைவுகூரும் போயா அது, மலையிலிருந்து அநுராதபுரம் போகிற சனம் தம்புள்ளை வரைக்கும் நம்மோடு அதே ரோட்டில்தான் வரும். சந்திக்குச் சந்தி தன்சல் என்ற இலவச அன்னதானப் பந்தல், வாகனத்தை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அன்பாகக் கூப்பிடுவார்கள், அதுவும் நல்ல அனுபவம்தான், ஆனால் நேரம் போகும். இரண்டாவது வெயில். ஸ்வெட்டர் போட்டுப் பழகிய மலைக்காரர்களுக்குக் கச்சான் காலத்து மத்தியான வெயில் தலைவலியைக் கொண்டு வந்துவிடும். பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை வெளியே போகாமல் இருக்கத் தயாராக இருந்தால் போகலாம். அம்மாவைப் போன்றவர்களை இந்த மூன்று நாளுக்குள் இழுத்துக்கொண்டு போய் இழுத்துக்கொண்டு வருவது நியாயமில்லை. இளசுகள் நாலு பேர் வெள்ளி இரவே வான் பிடித்துக் கிளம்புவதாக இருந்தால் நானே போங்கள் என்பேன்.

நுவரெலியாவைப் பலர் சொல்வார்கள். ஹட்டன்காரர்கள் ஜூனில் நுவரெலியா போவது மழையிலிருந்து மழைக்கே போவது, குளிரும் அறை வாடகையும்தான் கூட. ஹோர்ட்டன் சமவெளியும் அப்படித்தான், உலக முடிவு என்கிற மலைவிளிம்பில் 870 மீற்றர் பள்ளத்தைப் பார்க்கப் போய் முகத்துக்கு முன்னால் வெள்ளை மூடுபனிதான் இருக்கும். நீர்வீழ்ச்சி பார்க்க ஆசையென்றால் லீவே தேவையில்லை, தலவாக்கலை ரோட்டில் நின்றால் டெவோன் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்.

இனி ஊவா. எனக்கு இதுதான் சரியான விடை என்று படுகிறது, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மில் பலர் மலையகம் முழுவதும் ஒரே மழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலை ஒன்று, மழை இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுக்கு, அதாவது நமக்கு. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் காற்றில் கிழக்குச் சரிவுக்கு, பதுளைக்கும் அந்தப் பக்கத்துக்கும். நடுவில் முதுகெலும்பாக ஓடுகிற மலைத்தொடர்தான் எல்லை. கோச்சியில் போனவர்களுக்கு இது கண்ணால் தெரியும். இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல, ஏறத்தாழ 1,891 மீற்றர். அதைத் தாண்டி ஒஹிய போகும் முன் ஒரு சுரங்கம் வரும். ஜூனில் இந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், எல்லோரும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், சுரங்கத்துக்குள் போய் இருட்டில் பிள்ளைகள் கூச்சல் போட்டு முடித்து வெளியே வந்தால் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், புல் காய்ந்து பழுப்பாக இருக்கும், ஒவ்வொருவராகக் கண்ணாடியை மேலே தூக்குவார்கள். எல்லா நாளும் இவ்வளவு துல்லியமாக நடக்காது, ஆனாலும் நடக்கிற நாளில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரோட்டில் போனாலும் அதேதான், நுவரெலியாவைத் தாண்டி ஹக்கல இறங்கி வெலிமடைக்குக் கிட்ட வரும்போது மூடுபனி கிழிந்து மரக்கறித் தோட்டமெல்லாம் வெயிலில் நிற்கும்.

ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கிற பேரும் இந்தக் காற்றால் வந்ததுதான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து அந்த வாசம் ஏறுகிறது. நம் பக்கம் மழையில் அள்ளுகிற கொழுந்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளே அங்கே போய்க் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பறிக்கிறோம், எந்தச் சரிவில் எந்தக் காற்றில் எந்த ருசி என்று நமக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை தோட்டத்துக்குப் போனால் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய ஃபெக்டரி இன்னும் நிற்கிறது. அதற்கு மேலே ஆட்டோ பிடித்துப் போனால் லிப்டன் சீட் என்ற உயரமான பார்வையிடம், விடியற்காலையில் போய்விட வேண்டும், எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கீழே இருந்து மேகம் ஏறி மூடிவிடும்.

தங்குவதற்கு எல்ல என்ற ஊரை விடப் பண்டாரவளை நல்லது என்பேன். நீண்ட லீவு நாளில் எல்ல ரோட்டில் வாகனம் நகராது, ரூம் விலையும் ஏறும். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் பண்டாரவளைக்கே திரும்பிவிடலாம். பண்டாரவளையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, நம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, வயதானவர்களோடு போகும்போது இதெல்லாம் முக்கியம். ஹப்புத்தளையில் ஜூன் காற்று பலமாக வீசும், கணவாய் வழியாக மூடுபனி ஊருக்குள் புகுந்து போகும், காதை மூட ஒரு துணி கட்டாயம் வேண்டும். தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர், ஆனால் இந்த மாதத்தில் அங்கே தண்ணீர் குறைவு, அதற்காகத் தனியாக இறங்கிப் போக வேண்டாம்.

தூரமும் நமக்குச் சாதகம். ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு நுவரெலியா, வெலிமடை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர், வானில் நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம், நடுவில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள ஹக்கல பூங்கா இருக்கிறது. கோச்சி கிடைத்தால் அதுதான் சுகம், ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதையும் ரோடுகளும் பலமாக அடிபட்டன, ஆகவே நாம் போகிற அந்தப் பகுதியில் கோச்சி ஓடுகிறதா என்று ஹட்டன் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

ஊவா பாதுகாப்பா என்று அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை, டித்வாவில் மலையகம் இழந்ததையும் மறக்க முடியாது. ஊவாச் சரிவுக்கு ஆபத்தான காலம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, மீரியபெத்தையும் டித்வாவும் அந்த மாதங்களில்தான் வந்தன. ஜூனில் மண் ஊறிப் போயிருப்பது நம் பக்கம். ஆகவே கவனிக்க வேண்டியது போகிற இடத்தை விடப் போகிற பாதையை, முக்கியமாக ஹட்டன் – தலவாக்கலை – நுவரெலியா ரோட்டை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். நம் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் என்றால் சாரதியோடு பேசி வெளிச்சத்திலேயே போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்புவோம், செம்மஞ்சள் வந்தால் பயணம் இல்லை, ரூமுக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும். சந்தேகம் வந்தால் 117க்கு அடித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் கேட்கலாம். லயத்திலும் சரிவு வீட்டிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: நாம் லீவுக்குப் போகும்போது வீட்டில் தனியாக விட்டுப் போகிற வயதானவர் யாராவது இருந்தால், எச்சரிக்கை வந்தால் அவரை யார் கூட்டிக்கொண்டு போவது என்று பக்கத்து வீட்டில் பேசி வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

ஆகவே எங்கள் வீட்டுக்கு நான் சொல்லியிருப்பது இது. பொசனுக்குப் பண்டாரவளை, இரண்டு இரவு, அம்மாவும் பிள்ளைகளும் எல்லோரும். சனி விடிய ஐந்து மணிக்குக் கிளம்பினால் நுவரெலியா நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிடலாம், திங்கள் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. திருகோணமலையை ஓகஸ்ட் ஸ்கூல் லீவுக்குத் தள்ளிவிட்டோம், அப்போதும் அந்தக் கடல் அமைதியாகத்தான் இருக்கும், பொசன் கூட்டமும் இருக்காது, போகும் வழியில் கண்டியில் ஒரு இரவு தங்கினால் அம்மாவும் வரலாம், அக்காவுக்குக் கோவிலில் நின்று கும்பிட நேரம் கிடைக்கும்.

பாலிக்கு மருமகனிடம் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம் ஏப்ரலுக்கும் ஒக்டோபருக்கும் நடுவில், ஆஸ்திரேலிய ஸ்கூல் லீவு வருகிற ஜூன் கடைசி ஜூலையைத் தவிர்த்து, ஏழு நாள். இரண்டு இரவு கிந்தாமணியில், மிச்சம் ஊபுட் பக்கம், கடற்கரைக்குப் பிள்ளைகள் கேட்டால் ஒரு நாள். அதற்குள் எங்கள் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்க வேண்டும், வீசா விவரத்தை அவன் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.